காதின் கொல்லைக் கதவு

அக்கா மகளின் சொல்வதெழுதுதல் நோட்டு ஒரு விடுமுறை நாளில் என் கைக்கு வந்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தை. பக்கமெல்லாம் சிவப்பு மை. ஆசிரியை 'பால்' என்று சொல்லியிருக்கிறார். இவள் 'பா' என்று எழுதியிருக்கிறாள். 'கப்பல்' 'கப்ப' என்று நிற்கிறது, 'வயல்' 'வய' என்று. சொல்லுக்குத் தலை இருக்கிறது, உடம்பு இருக்கிறது, வாலைத்தான் காணோம். பக்கத்தின் அடியில் 'கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பு.

வீட்டிலும் அதே புகார்தான். "நாலு தடவ கூப்பிட்டாத்தான் ஒரு தடவ திரும்பிப் பாக்கறா. அத்தன பிடிவாதம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். டி.வி.யைச் சத்தமாக வைப்பதும் அதை ஒட்டிப்போய் உட்காருவதும் கெட்ட பழக்கங்களின் கணக்கில் சேர்ந்திருந்தன. அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு நான்கு முறை காதுவலி வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப். வலி போகும், நாங்களும் மறந்துவிடுவோம். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல் போடுவாள். உள்ளங்கையால் மூக்கு நுனியைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொள்வாள். அதை ஒரு செல்லப் பழக்கமாக நினைத்துக் கொஞ்சியவள் நான்.

தும்மல், காதுவலி, விடுபட்ட எழுத்து மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவையாக இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய பிறகோ நான் அந்தப் பக்கமாக ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டேன்: எல்லாமே அலர்ஜி, அதைச் சரிசெய்தால் காது சரியாகிவிடும் என்று. அதுவும் முழு உண்மையில்லை. அந்தக் கயிறு எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே நைந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

காதில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால் நம் வீடுகளில் முதல் பழி தலைக்கு ஊற்றிய தண்ணீர்மேல் விழும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நிற்கும், காதில் பஞ்சு வைப்பார்கள். ஆனால் செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதைத் தாண்டி உள்ளே போகாது. செவிப்பறைக்கு அந்தப் பக்கம் நடுச்செவி என்கிற சின்ன அறை. உடம்பிலேயே மிகச் சிறிய மூன்று எலும்புகள் அதற்குள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கின்றன. அறையில் இருக்க வேண்டியது காற்று மட்டும்தான். முன்பக்கம் செவிப்பறை அடைத்திருப்பதால் காற்று வந்துபோக ஒரே வழி பின்னால் இருக்கிற குழல். அந்தக் குழல் போய் முடிவது மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே. வீட்டின் பின்புறத்தை எங்கள் கோவைப் பக்கத்தில் பொடக்காளி என்போம், மற்ற ஊர்களில் கொல்லை. காதின் கொல்லைக் கதவு மூக்குக்குள் திறக்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த உடற்கூறியல் அறிஞர் பார்த்தலோமேயோ ஊஸ்டாக்கி இந்தக் குழலை விரிவாக விவரித்தார். 1704-ல் காதைப் பற்றித் தனி நூல் எழுதிய வால்சால்வா அதற்கு ஊஸ்டாக்கியின் பெயரையே வைத்தார். இன்று ஊஸ்டேஷியன் குழல் என்கிறோம். பெரியவர்களுக்கு இது சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். காதிலிருந்து மூக்கை நோக்கி நல்ல சரிவாக இறங்கும். கைக்குழந்தைக்கு இதில் பாதி நீளம்தான், சரிவும் மிகக் குறைவு, ஏறக்குறையப் படுத்த வாக்கில் கிடக்கும். ஏழு வயது வாக்கில்தான் பெரியவர்களின் அளவை எட்டுகிறது. சின்னக் குழந்தைகளுக்குக் காதுவலி அடிக்கடி வருவதற்கு வேறு எந்தக் காரணத்துக்கும் முன்னால் சொல்ல வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

குழல் எந்நேரமும் திறந்திருப்பதில்லை. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை ஒன்று இழுக்க, கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடும். அந்தச் சிறு திறப்பின் அருமையை மலைப்பாதையில் போனவர்கள் அறிவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நடுச்செவிக்குள் இருக்கிற காற்று விரிந்து, குழலின் வாயைத் தானாகவே தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். 'பொட்' என்று காது திறப்பது அப்போதுதான். இறங்கும்போது கதை வேறு. வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வருகிறது, உள்ளே குறைவு. குழலின் வாய் உள்ளுறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். விழுங்கி விழுங்கித் தசையால் இழுத்துத்தான் அதைத் திறக்க வேண்டும். கைக்குழந்தைகள் ஏறும்போது தூங்கிவிட்டு இறங்கும்போது வீறிட்டு அழுவதற்கு இதுவே காரணம். அந்த நேரத்தில் பால் கொடுத்தால் அழுகை நிற்பதற்கும் இதுவே.

இப்போது மலையே ஏறாத ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுச்செவியின் சவ்வு தன் அறையில் இருக்கிற காற்றை ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். குழல் திறக்கும்போதெல்லாம் புதுக்காற்று வந்து அதை ஈடுகட்டும். குழலின் வாய் வீங்கி அடைத்துக்கொண்டால் ஈடுகட்ட ஆளில்லை. உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போகும், செவிப்பறை உள்வாங்கும். அந்தக் குழந்தை சமவெளியில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே, வாரக்கணக்கில் மலையிறங்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தக் குறைவு சவ்விலிருந்து நீரை இழுக்கிறது என்று வியன்னாவின் ஆடம் போலிட்ஸர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். கதை அத்தோடு முடியவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது. அழற்சி கண்ட சவ்வு தன் இயல்பையே மாற்றிக்கொண்டு, சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. அந்தச் சளியில் இருக்கிற மியூசின் என்கிற புரதம்தான் நீரைப் பசையாக்குகிறது. அறுவை சிகிச்சையில் உறிஞ்சி எடுக்கும்போது நூலாக இழுபடுகிற அளவுக்குக் கெட்டியாக இருக்கும். 'பசைக்காது' என்று மருத்துவர்கள் பெயர் வைத்தது அதனால்தான்.

இதில் அலர்ஜி எங்கே வருகிறது? மூக்கில்.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. அதற்கு அடிப்படையான ஐஜிஇ என்கிற எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடிக்க இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஜப்பானிய விஞ்ஞானித் தம்பதி இஷிசாகாக்களும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே அதை அடைந்தார்கள். அலர்ஜி உள்ள குழந்தையின் மூக்குச் சவ்வில் மாஸ்ட் செல்கள் இந்தப் புரதத்தைப் போர்த்திக்கொண்டு காத்திருக்கின்றன. தூசிப் பூச்சியின் எச்சமோ பூந்தாதுவோ வந்து தொட்டதும் சில நிமிடங்களில் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், தண்ணீராக மூக்கொழுகல். அதோடு விட்டால் பரவாயில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரும். இயோசினோஃபில் முதலிய வெள்ளணுக்கள் வந்து குவிந்து, சவ்வு ஊறிப்போய் மூக்கு அடைத்துக்கொள்ளும். தும்மல் ஓய்ந்த பிறகும் நாளெல்லாம் 'மூக்கடைப்பு' என்று குழந்தை வாயால் மூச்சு விடுவது இந்த இரண்டாம் அலையின் வேலை. குழலின் வாய் திறப்பது இதே சவ்வில்தான். மூக்கு வீங்கும்போது அதுமட்டும் தனியாகத் தப்பிக்க வழியில்லை.

இதை ஊகமாக விடாமல் சோதித்தும் பார்த்தார்கள். பிட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் 1983-ல் வெளியிட்ட சோதனை அது. அலர்ஜி உள்ள பெரியவர்களின் மூக்கில் அவர்களுக்கு ஒவ்வாத பூந்தாதுவைச் செலுத்தி, குழல் எப்படி வேலை செய்கிறது என்று அளந்தார்கள். எந்த நாளில் உண்மையான பூந்தாது, எந்த நாளில் போலி என்பது செலுத்தியவருக்கும் தெரியாது, செலுத்திக்கொண்டவருக்கும் தெரியாது. உண்மையான பூந்தாது போன நாள்களில் குழல் அடைத்துக்கொண்டது. 2004-ல் மாண்ட்ரியலில் இன்னொரு பக்கமிருந்து பார்த்தார்கள். பசைக்காதுக் குழந்தைகளின் நடுச்செவி நீரையும் மூக்கின் பின்னாலிருக்கிற அடினாய்டுச் சதையையும் எடுத்து ஒப்பிட்டபோது, அலர்ஜி உள்ள குழந்தைகளின் காதுநீரிலும் அலர்ஜிக்கே உரிய செல்களும் வேதித் தூதர்களும் கூடுதலாக இருந்தன. ஆஸ்துமா உள்ளவருக்கு மூக்கும் நுரையீரலும் ஒரே நோயின் இரு முனைகளாக இருப்பதுபோல, நடுச்செவியும் அதே மூச்சுப்பாதையின் ஒரு மூலை என்று பார்க்கிற எண்ணத்துக்கு இது வலுச்சேர்த்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பரபரப்பைச் சொல்லி முடியாது. உடனே அக்காவுக்குப் போன் செய்து, எல்லாம் விளங்கிவிட்டது என்றேன். அவள் நிதானமாகத்தான் கேட்டாள்: "அப்படின்னா சளி மருந்து குடுத்தா காது சரியாயிருமா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் என் பரபரப்பு அடங்கியது.

பிட்ஸ்பர்க் சோதனையை மறுபடி பாருங்கள். குழல் அடைத்தது. காதில் நீர் சேர்ந்ததா என்றால், இல்லை. ஒரு நாள் அடைப்புக்கும் வாரக்கணக்கில் தேங்கும் பசைக்கும் நடுவில் வேறு சில காரணிகள் வேண்டும். அவற்றில் முதன்மையானது சாதாரணச் சளி, அதாவது வைரஸ். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சளி பிடித்த தடவைகளில் 37% காதுத் தொற்றில் போய் முடிந்தன. இந்த வயதில் அலர்ஜியைத் தேடி அலைவதில் பெரும்பாலும் பயனில்லை. அமெரிக்க மருத்துவப் பதிவுகளை வயதுவாரியாகப் பிரித்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளிடம் மூக்கு அலர்ஜிக்கும் பசைக்காதுக்கும் தொடர்பு தெரிந்தது; ஆறுக்குக் கீழே தெரியவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சின்ன வயதில் குழலின் குறுகிய அமைப்பும் ஓயாத வைரஸும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகின்றன. குழல் வளர்ந்து, சளி குறைய வேண்டிய வயதிலும் காது தெளியவில்லை என்றால்தான் மூக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அக்காவின் கேள்விக்கு நேரான பதில்: ஆகாது. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளும் மூக்கடைப்பு மருந்துகளும் பசைக்காதைத் தெளிவிப்பதில்லை என்பது பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த பிறகு வந்த முடிவு. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை பிரிட்டனில் நான்கு முதல் பதினொரு வயதுக் குழந்தைகள் 217 பேரிடம் சோதித்தார்கள். காதுக்குப் பலன் தெரியவில்லை. வாய்வழி ஸ்டீராய்டை 389 குழந்தைகளிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். ஐந்து வாரத்தில் கேட்கும் திறன் திரும்பியவர்கள் மருந்து குடித்தவர்களில் 40%, போலி மருந்து குடித்தவர்களில் 33%. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2016 வழிகாட்டி பசைக்காதுக்காக இந்த மருந்துகளையும் ஆன்டிபயாடிக்கையும் தரவேண்டாம் என்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு வேலை இருப்பது காய்ச்சலும் வலியுமாக வருகிற கடுமையான தொற்றில். வலியில்லாமல் தேங்கி நிற்கிற பசையில் அதற்கு வேலையில்லை. இந்த இரண்டையும் 'காதுப் பிரச்சினை' என்று ஒன்றாகச் சொல்லிவிடுவதால்தான் எங்கள் வீட்டு அலமாரியில் அத்தனை சிரப் பாட்டில்கள் சேர்ந்தன. சளி சிரப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் கலந்தவற்றை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது. பழைய பாட்டில்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் அலர்ஜிக்கு வைத்தியம் வீணா? இல்லை. மூக்கு அலர்ஜியே ஒரு நோய். இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், வகுப்பில் கண்ணைச் சொருகவைக்கும், வாய்மூச்சைப் பழக்கும். அதற்காகவே அதைக் கவனிக்க வேண்டும். அதே ஸ்டீராய்டு ஸ்பிரே மூக்கு அலர்ஜிக்கு நன்றாக வேலை செய்யும், சரியாக அடித்தால். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றே குனிய வேண்டும். வலது கையால் இடது நாசியிலும், இடது கையால் வலது நாசியிலும் வைத்து, நடுத்தண்டை விட்டு விலக்கி, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளியோரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். பிறகு பலமாக உறிஞ்சக்கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஒருநாள் அடித்துவிட்டுப் பலனில்லை என்று வைத்துவிடுகிற மருந்தும் இல்லை இது. டாக்டர் சொன்ன நாள்வரை தினமும் வேண்டும். இதனால் காதுக்கும் கொஞ்சம் நன்மை வந்தால் மகிழ்ச்சி. வரும் என்று வாக்குக் கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள்.

உணவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காதுவலி என்றதும் தயிர், வாழைப்பழம், திராட்சை, ஐஸ்கிரீம் எல்லாம் நம் வீடுகளில் 'குளிர்ச்சி' என்று நிறுத்தப்படும். வாழைப்பழத்தின் குளிர்ச்சி நடுச்செவிக்குப் போக வழி கிடையாது. உணவு அலர்ஜிக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு என்பவர்கள் எடுத்துக்காட்டுவது 1994-ல் வாஷிங்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வை. அடிக்கடி காதில் நீர்கோக்கும் குழந்தைகள் 104 பேரில் 81 பேருக்கு ஏதாவது ஓர் உணவு ஒவ்வவில்லை என்றும், அதை நிறுத்தியதும் 70 பேருக்குக் காது தேறியது என்றும் அது சொன்னது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த உணவு நிறுத்தப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. பசைக்காது தானாகவே தெளிகிற இயல்புள்ளது என்பதால், எதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலும் பாதிப்பேருக்கு மேல் தேறவே செய்வார்கள். வளர்கிற குழந்தைக்குப் பாலையும் தயிரையும் மாதக்கணக்கில் மறுக்க இந்தச் சான்று போதாது. சாப்பிட்டதும் தடிப்பு, வாந்தி, வீக்கம் என்று உடம்பு காட்டினால் அது வேறு; அதை டாக்டரிடம் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

அலர்ஜியைச் சளியிலிருந்து பிரித்தறிவது கவனிக்கிற கண்ணுக்குக் கடினமில்லை. சளி காய்ச்சலோடு வந்து பத்து நாளில் போகும். மூக்கில் ஒழுகுவது கெட்டியாகும். அலர்ஜிக்குக் காய்ச்சல் கிடையாது, ஒழுகல் தண்ணீராகவே இருக்கும், அரிப்பு கூடவே வரும். மூக்கு, கண், சிலருக்கு அண்ணமும் அரிக்கும். நாக்கால் அண்ணத்தைத் தேய்த்து 'க்ளக்' என்று சத்தம் எழுப்புகிற குழந்தைகள் உண்டு. கண்ணுக்குக் கீழே கருவளையம். செல்லப் பழக்கம் என்று நான் கொஞ்சிய அந்த உள்ளங்கைத் தேய்ப்பு மருத்துவர்களிடையே 'அலர்ஜி சல்யூட்' என்றே பெயர் பெற்றது. நாளடைவில் மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். அக்கா மகளுக்கு அது விழுந்திருந்தது. அத்தனை தடவை முத்தமிட்ட மூக்கில் அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குள் தேடவேண்டிய முதல் ஆள் தூசிப் பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத, எட்டுக் கால் உயிர். நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று, தலையணையிலும் மெத்தையிலும் பஞ்சு பொம்மையிலும் வாழ்கிறது. தண்ணீர் குடிக்கத் தெரியாது, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் 70, 80% ஈரப்பதம் உள்ள கடற்கரை ஊர்களும் மழைமாதங்களும் அதற்குக் கொண்டாட்டம். அலர்ஜியைக் கிளப்புவது பூச்சியைவிட அதன் எச்சம். விளக்குமாற்றால் கூட்டும்போதும் படுக்கையை உதறும்போதும் அது எழும்பிக் காற்றில் மிதக்கும். காலைத் தும்மலுக்கு இரவெல்லாம் முகம் புதைத்துக் கிடந்த தலையணையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் பூச்சி சாகும்; வெறும் குளிர்ந்த தண்ணீரில் நிறையவே தப்பிவிடும். மெத்தையை உச்சிவெயிலில் காயப்போடுகிற பாட்டிகளின் வழக்கம் நல்ல வழக்கம். ஈரம் வற்றினால் பூச்சி வாழாது. அடுத்து கரப்பான், ஈரச்சுவர்ப் பூஞ்சை. வெளியே பார்த்தால் சீமைக்கருவேலத்தின் பூந்தாதும் பார்த்தீனியத்தின் பூந்தாதும் நம் பக்கத்தில் மூக்கு அலர்ஜியைக் கிளப்புவதாக நிறுவப்பட்டவை.

புகை அலர்ஜி இல்லை, ஆனால் அதே சவ்வை அது நேராகவே எரிச்சலூட்டும். வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடித்தால் குழந்தையின் காதுநோய் கூடுகிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியான உண்மை. கொசுவர்த்திச் சுருளை நாம் புகையாகவே நினைப்பதில்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அந்த எண்ணைப் படித்த அன்றே அக்கா கொசுவலை வாங்கினாள். குளித்த குழந்தையின் முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இதே கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. தலைமுடி உலர ஒரு துண்டு போதும்.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். நடுச்செவியில் காற்றுக்குப் பதில் பசை இருந்தால் அந்த மூன்று எலும்புகளும் சேற்றில் சிக்கிய சக்கரம்போல அசைய மறுக்கின்றன. பசைக்காதுக் குழந்தைகளுக்குச் சராசரியாக 25 முதல் 30 டெசிபல் வரை கேட்கும் திறன் குறைகிறது. இரண்டு காதிலும் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டில் நடமாடிப் பாருங்கள், ஓரளவு புரியும். உரக்கப் பேசினால் கேட்கும். எதிரே நின்று பேசினாலும் கேட்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மெல்லப் பேசினால், முதுகுப்புறம் கூப்பிட்டால், மின்விசிறி ஓடும் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தால் கேட்காது. தேய்ந்து ஒலிக்கிற ஓசைகள் முதலில் காணாமல் போகும். தமிழில் இது தனிக் கொடுமை. பேச்சில் 'அவன் வந்தான்' என்பதன் கடைசி 'ன்' வெறும் மூக்கொலியாகத் தேய்கிறது. 'அவ வந்தா' என்பதில் அதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்பதே அந்த இம்மியளவு மூக்கொலியில் தொங்குகிறது. வால், வாள், வாழ் மூன்றையும் பிரித்துக் கேட்டுப் பழகவேண்டிய வயதில் குழந்தை மூன்றையும் ஒன்றாகக் கேட்கிறது. இன்றைக்கு நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது என்று ஏறி இறங்குவதால், பெரியவர்கள் 'அவளுக்கு வேணும்னா கேக்கும்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கள் அம்மா பின்னால் அந்த வாக்கியத்தை நினைத்து அழுதார்.

கண்டுபிடிக்கிற சோதனை வலியில்லாதது. டிம்பனோமெட்ரி என்று பெயர். காது வாயில் ஒரு மெத்தென்ற முனையை வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று கருவி வரைந்து காட்டும். நல்ல காதுக்கு நடுவில் ஒரு குன்று எழும். அவளுக்கு இரண்டு பக்கமும் மேட்டுப்பாளையத்துச் சாலைபோலத் தட்டையாகக் கோடு ஓடியது. கூடவே கேட்கும் திறன் சோதனையும் செய்ய வேண்டும். கோட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. தனியாரிடம் செலவழிக்க முடியாதவர்கள் கவனிக்க: 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பார்க்கிற நோய்களின் பட்டியலில் நடுச்செவி அழற்சியும் உண்டு. குழு வரும் நாளில் 'கூப்பிட்டால் திரும்புவதில்லை' என்று ஆசிரியரே எடுத்துச் சொல்லலாம்.

பிறகு என்ன? பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருத்தல். பெற்றோர்களுக்கு இது வைத்தியமாகவே தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் கணக்கு அதன் பக்கம் இருக்கிறது. காதுத் தொற்று வந்த குழந்தைகளைப் பாஸ்டனில் தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு வாரம் கழித்து 70% பேருக்கு நீர் இருந்தது, ஒரு மாதத்தில் 40%, இரண்டு மாதத்தில் 20%, மூன்று மாதத்தில் 10%. காத்திருக்கும் காலத்தில் செய்ய ஒன்று உண்டு: ஒரு நாசியை மூடிக்கொண்டு மற்ற நாசியால் சிறு பலூனை ஊதுவது, தினம் மூன்று முறை. மூக்கின் பின்னால் அழுத்தம் கூடிக் குழலின் கதவு தள்ளித் திறக்கும். வால்சால்வா 1704-ல் சொன்ன உத்தியின் பேரக்குழந்தை இது. பிரிட்டனில் 320 குழந்தைகளிடம் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் குறைந்தது ஒரு காதாவது தெளிந்தவர்கள் பலூன் ஊதியவர்களில் ஏறக்குறைய 50%, ஊதாதவர்களில் 38%. பெரிய அற்புதமில்லை. ஆனால் கெடுதல் இல்லாத, குழந்தை சிரித்துக்கொண்டே செய்கிற வைத்தியம். சளி பிடித்திருக்கும்போது மட்டும் வேண்டாம்.

மூன்று மாதம் தாண்டியும் பசை நின்று, கேட்பது குறைந்தே இருந்தால் செவிப்பறையில் கடுகளவு குழாய் வைப்பார்கள். குரோமெட் என்று பெயர். 1954-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் பிளாஸ்டிக் குழாயை வைத்து இதை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அடைத்துப்போன கொல்லைக் கதவுக்குப் பதில் வாசல் பக்கம் ஒரு சாளரம். பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் தானே விழுந்துவிடும். நான்கு வயதுக்கு மேல் அடினாய்டை எடுப்பதும் உதவலாம். குழலின் வாயருகே இந்தச் சதை வளர்ந்து காதைக் கெடுப்பதை 1868-லேயே கோபன்ஹேகனின் வில்ஹெல்ம் மேயர் எழுதிவைத்தார்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, மடல் முன்னால் தள்ளப்பட்டிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால், கடுங்காய்ச்சலோடு குழந்தை துவண்டால் அப்படியே. நாற்றமடிக்கிற சீழ் வாரக்கணக்கில் வடிந்தால் அது எலும்பை அரிக்கிற வேறு நோயாக இருக்கலாம். அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் பசைக்காது மிக அதிகம். அவர்களுக்கு மூன்று மாதக் காத்திருப்பு பொருந்தாது. எந்தக் குழந்தைக்கும் சூடான எண்ணெயைக் காதில் விடாதீர்கள். செவிப்பறை நன்றாக இருந்தால் அது பசையைத் தொடவே போவதில்லை, ஓட்டையாக இருந்தால் கெடுதல்.

அக்கா மகளுக்கு மூன்று மாதமும் எல்லாவற்றையும் சேர்த்தே செய்தோம். ஸ்பிரே, பலூன், சுடுதண்ணீரில் துவைத்த உறைகள், கொசுவலை. ஆசிரியை அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். அடுத்த வாரமே நோட்டில் சிவப்பு குறைந்தது, காது இன்னும் தெளியாத நிலையிலேயே. மூன்றாம் மாதச் சோதனையில் இடது காதில் குன்று எழுந்தது. வலது இன்னும் பாதிதான். எது உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏழு வயதில் குழல் வளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன மே மாதம் எல்லோரும் ஊட்டிக்குப் போய்விட்டு இறங்கினோம். வாயில் கடலை மிட்டாயை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் எச்சில் விழுங்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். குன்னூர் தாண்டி நாலைந்து வளைவு இறங்கியதும் அவள் மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, ஒரு காது தொறந்துருச்சு" என்றாள். பிறகு முகத்தைச் சுளித்து இன்னொரு தடவை விழுங்கினாள். "இரு, இது இப்பத் தொறக்குது."